நரி சுடுவதற்கான தோட்டாவை வீட்டிலேயே நிரப்புவது: புதிதாகத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், செம்மறிப் பண்ணைகள் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் இருக்கிறேன். ஆடுகள் குட்டி போடும் மாதங்களில் இரண்டு மூன்று பண்ணைகளுக்கு நரி சுடப் போவேன். அதற்கான தோட்டாக்களை நானே நிரப்பிக்கொள்கிறேன். இங்கே குடியேறிய நம்மவர்கள் சிலர் துப்பாக்கி உரிமம் வாங்கிய பிறகு இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொன்ன பதில்களைத் தமிழில் ஓரிடத்தில் சேர்த்து வைக்கலாம் என்று தோன்றியது.

முதலில், நரியை ஏன் சுட வேண்டும்?

நரி ஆஸ்திரேலியாவின் சொந்த விலங்கு அல்ல. குதிரையும் நாயும் வைத்து விரட்டி வேட்டையாடும் பொழுதுபோக்குக்காக, 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் மெல்போர்ன் பக்கம் கொண்டுவந்து விட்டது இந்தச் செந்நரி. முயல் பரவிய வழியிலேயே இதுவும் பரவியது. இன்று வெப்பமண்டல வடபகுதியையும் டாஸ்மேனியாவையும் தவிர ஏறக்குறைய எங்கும் இருக்கிறது. பிறந்து சில மணி நேரமே ஆன ஆட்டுக்குட்டியைத் தூக்கிப்போகும். நம்பாட், பில்பி, மல்லீ கோழி போன்ற இந்த மண்ணுக்கே உரிய உயிர்களுக்கு அதைவிடப் பெரிய எமன். விக்டோரியாவின் பிலிப் தீவில் பல ஆண்டுகள் பாடுபட்டு நரியை அடியோடு ஒழித்தார்கள். 2017-இல் நரியற்ற தீவு என்று அறிவித்தார்கள். அங்குள்ள 'லிட்டில் பெங்குவின்' என்ற சிறிய இனப் பெங்குவின்கள் பிழைத்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

துப்பாக்கியால் மட்டும் நரியைக் கட்டுப்படுத்த முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெரிய பரப்பில் விஷம் கலந்த இரை, வேலி, அக்கம்பக்கத்துப் பண்ணைகள் சேர்ந்து ஒரே நேரத்தில் வேலை செய்வது எல்லாம் வேண்டும். ஒரு குறிப்பிட்ட மேய்ச்சல் நிலத்தில் குட்டிகளைத் தேடி வரும் குறிப்பிட்ட நரியை நிறுத்தத்தான் ரைபிள்.

இந்தியாவிலோ இலங்கையிலோ இதைச் செய்யலாமா?

இந்தியாவில் கூடாது. அங்குள்ள நரியும் குள்ளநரியும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காக்கப்படும் விலங்குகள். உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். இலங்கையில் இருப்பவர்களும் இதை அங்கே செய்யலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தப் பக்கம் முழுக்க ஆஸ்திரேலியாவுக்கானது.

ஆஸ்திரேலியாவில் என்னென்ன அனுமதி வேண்டும்?

1996-இல் டாஸ்மேனியாவின் போர்ட் ஆர்தரில் நடந்த படுகொலைக்குப் பிறகு நாடு முழுவதும் துப்பாக்கிச் சட்டங்களை இறுக்கினார்கள். துப்பாக்கிகள் வகைகளாகப் பிரிக்கப்பட்டன. நரிக்குப் பயன்படும் சென்டர்ஃபயர் போல்ட் ரைபிள், அதாவது தோட்டாவின் அடி நடுவில் ஊசி தட்டும், ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் ரைபிள், 'பி' வகையில் வரும். உரிமம் வாங்க நியாயமான காரணம் காட்ட வேண்டும். தற்காப்பு என்பது காரணமாகாது. பாதுகாப்புப் பயிற்சி, துப்பாக்கி வாங்கத் தனி அனுமதி, பூட்டிய இரும்புப் பெட்டி எல்லாம் கட்டாயம். தோட்டாவைத் துப்பாக்கியோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது.

கடையில் தோட்டாவுக்குள் போடும் மருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் வாங்க உரிமத்தைக் காட்ட வேண்டும். இவற்றைச் சாதாரண அஞ்சலில் அனுப்பவோ விமானத்தில் பெட்டிக்குள் வைத்து எடுத்துப்போகவோ முடியாது. வீட்டில் எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். உங்கள் மாநிலக் காவல்துறையின் உரிமப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முதல் டப்பாவை வாங்குங்கள். அப்புறம், நிலத்துக்காரரின் அனுமதி. அது இல்லாமல் வேலியைத் தாண்டக் கூடாது.

தோட்டா, குண்டு, மருந்து: எது எது?

பலர் எல்லாவற்றையும் குண்டு என்றே சொல்கிறார்கள். இந்த வேலையில் அப்படிச் சொன்னால் குழப்பம் வரும். இங்கே நான் சொல்லும் விதம் இது: முழுப் பொருள் தோட்டா. அதன் பித்தளை உடல் கூடு. கூட்டின் அடியில் பொத்தான் போல உட்கார்ந்திருப்பது பிரைமர். துப்பாக்கியின் ஊசி இதைத்தான் தட்டும். உள்ளே இருப்பது மருந்து, அதாவது புகையில்லா மருந்து. கோவில் திருவிழா வேட்டில் போடும் கரிமருந்து வேறு, இது வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக் கூடாது. கூட்டின் வாயில் செருகியிருப்பதும் பறந்து போவதும் மட்டுமே குண்டு.

சுட்ட பிறகு குண்டும் மருந்தும் பிரைமரும் தீர்ந்துவிடும்; கூடு மிஞ்சும். ரீலோடிங் என்பது அந்தக் கூட்டைச் சரிசெய்து மற்ற மூன்றையும் புதிதாக வைப்பது. கூடு ஏறத்தாழ 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. சுடும்போது விரிந்து கொடுக்கும், திரும்ப அழுத்தினால் சுருங்கும். அந்தக் குணம்தான் இந்த வேலையையே சாத்தியமாக்குகிறது.

.22 ரிம்ஃபயர் தோட்டாவை மட்டும் இப்படி நிரப்ப முடியாது. அதில் தட்டினால் பற்றும் கலவை கூட்டின் விளிம்புக்குள்ளேயே இருக்கிறது.

இதனால் பணம் மிச்சமாகுமா?

மிச்சமாகும் என்று நம்பித் தொடங்காதீர்கள். ஒரு தோட்டாவுக்கான செலவு குறையும், உண்மைதான். கணக்குக்காக ஒரு தோட்டாவுக்கு 25 கிரெயின் மருந்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிரெயின் 0.0648 கிராம், ஒரு கிலோ டப்பாவில் 600-க்கும் மேற்பட்ட தோட்டா நிரம்பும். ஆனால் கருவிகளுக்குப் போட்ட பணம் திரும்ப ஆண்டுகள் ஆகும். நரி சுடுபவர் ஆண்டுக்குச் சில நூறு தோட்டாதான் செலவழிப்பார்.

நான் இதைச் செய்வதற்குக் காரணம் வேறு. நரி வளர்ந்தாலும் ஐந்தாறு கிலோதான் இருக்கும். தடித்த ரோமத்தைக் கழித்துப் பார்த்தால் குண்டு பட வேண்டிய நெஞ்சுப் பகுதி ஓர் உள்ளங்கை அகலம். இரவில், 150 மீட்டருக்கு அப்பால், காற்றடிக்கும்போது அந்த உள்ளங்கையில் முதல் குண்டே விழ வேண்டும். விழாவிட்டால் அந்த விலங்கு அடிபட்டுப் புதருக்குள் போய் நாள்கணக்கில் சாகும். தொல்லை தரும் விலங்கு என்பதற்காக அதைத் துடிக்கவிடும் உரிமை நமக்கு வந்துவிடாது. என் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு, எந்த மருந்து ஒத்துப்போகிறது என்று தேடிக் கண்டுபிடித்து, ஐம்பது தோட்டாவும் ஒன்றுபோல இருக்கும்படி செய்ய ரீலோடிங்கில் வழியிருக்கிறது.

நரிக்கு எந்தத் தோட்டா?

புதியவர் யார் கேட்டாலும் .223 ரெமிங்டன் என்றே சொல்கிறேன். உதை குறைவு, கூடு எங்கும் கிடைக்கும், குண்டு வகைகள் ஏராளம், மருந்தும் கொஞ்சமே போதும். 200 மீட்டர் வரை நரிக்கு இதற்கு மேல் தேவையில்லை. 1950-இல் வந்த .222 இன்னும் பல பண்ணை வீடுகளில் இருக்கிறது. குறி தவறாத நல்ல தோட்டா. திறந்த சமவெளியில் தூரமாகச் சுடுபவர்கள் .22-250 வைத்திருப்பார்கள், ஆனால் அது மருந்தையும் துப்பாக்கிக் குழலையும் வேகமாகத் தின்னும். .243 காற்றை நன்றாகத் தாங்கும், சிறிய மானுக்கும் ஆகும். .204 ரூகர் வைத்திருக்கும் நண்பர்கள் அதை மாற்றவே மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. ராணுவத்தின் 5.56 தோட்டாவும் .223-உம் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அழுத்தமும், துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையான சேம்பரின் அளவும் ஒன்றல்ல. 5.56 தோட்டாவை .223 துப்பாக்கியில் போடாதீர்கள். ராணுவக் கூடுகளைப் பொறுக்கி நிரப்புவதும் தொடக்கத்தில் வேண்டாம். சிலவற்றின் சுவர் தடிமனாக இருக்கலாம்; அப்படியானால் உள்ளே இடம் குறையும், அதே அளவு மருந்துக்கு அழுத்தம் கூடும்.

குண்டு எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்?

.223-க்கு 40 முதல் 55 கிரெயின் எடையில், மெல்லிய உறையும் பிளாஸ்டிக் முனையும் கொண்ட குண்டு. ஹார்னடியின் வி-மேக்ஸ், நாஸ்லரின் பாலிஸ்டிக் டிப், சியராவின் பிளிட்ஸ்கிங் எல்லாம் இந்த இனம். உடலில் பட்டதும் சிதறிவிடும். நரி நின்ற இடத்திலேயே விழும். மண்ணில் பட்டாலும் பெரும்பாலும் நொறுங்கும். தெறித்து அடுத்த நிலத்துக்குப் போகும் அபாயம் குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன். நரிக்குப் பின்னால் மண்மேடு இல்லாவிட்டால் எந்தக் குண்டையும் சுடக் கூடாது.

முழு உறை போட்ட ராணுவ வகைக் குண்டு நரிக்கு ஆகாது. ஊசி போலத் துளைத்து மறுபக்கம் போய்விடும். நரியும் காயத்தோடு ஓடிவிடும்.

என்னென்ன கருவி வாங்க வேண்டும்?

கைப்பிடியை இழுத்துக் கூட்டை அழுத்தும் ஒற்றை நிலை பிரஸ் ஒன்று. லீ, ஆர்சிபிஎஸ், ஹார்னடி, லைமன் எதுவானாலும் சரி. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரே வேலை செய்யும் இந்த வகைதான் கற்றுக்கொள்ள நல்லது. ஒரே இழுப்பில் நாலு வேலை செய்யும் வேகமான இயந்திரம் தொடக்கத்தில் வேண்டாம். ஒரே நேரத்தில் நாலு இடத்தில் கண் வைக்கப் பழக நாளாகும். உங்கள் தோட்டாவுக்கான டை ஜோடி (கூட்டைச் சுருக்கவும் குண்டை வைக்கவும் பிரஸ்ஸில் மாட்டும் அச்சுகள்), கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டர், மசகு, பிரைமர் வைக்கும் கைக்கருவி, கூட்டின் நீளத்தைக் குறைக்கும் டிரிம்மர், வாயைச் சீவும் கருவி, புனல், ஐம்பது குழிகள் கொண்ட பலகை, நீளம் அளக்க வெர்னியர்.

தராசில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மலிவான டிஜிட்டல் தராசு மின்விசிறிக் காற்றுக்கே ஆடும். கைப்பேசி பக்கத்தில் இருந்தால் சிலது எண்ணை மாற்றிக் காட்டும். எது வாங்கினாலும் சோதனை எடைக்கல் ஒரு தொகுப்பு சேர்த்து வாங்குங்கள். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் அதை வைத்துச் சரிபாருங்கள். குண்டைப் பிடுங்கும் சுத்தியலும் ஒன்று வேண்டும். தவறு செய்யாத ஆள் இல்லை. செய்த தவறைச் சுட்டுப் பார்க்காமல் கழற்றிச் சரிசெய்ய அது உதவும்.

கண்ணாடி மறக்க வேண்டாம். பிரைமர் வைக்கும்போது கண்ணுக்குக் கவசம் இல்லாமல் உட்காராதீர்கள்.

எவ்வளவு மருந்து போட வேண்டும்?

இந்தக் கேள்விக்கு நான் எண் எழுத மாட்டேன். நண்பர் சொன்னார், எங்கோ படித்தேன் என்று யார் எண் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மருந்து தயாரிப்பவர் வெளியிடும் அட்டவணை ஒன்றே ஆதாரம். ஆஸ்திரேலியாவில் பெரும்பாலோர் பயன்படுத்துவது ஏடிஐ என்ற பெயரில் வரும் மருந்து. நியூ சவுத் வேல்ஸில் மர்ரே ஆற்றங்கரையில் உள்ள மல்வாலா ஆலையில் செய்கிறார்கள். இவற்றில் சில அமெரிக்காவில் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் பெயரில் விற்கின்றன. நம்முடைய ஏஆர்2208 அங்கே வார்கெட். ஏஆர்2206எச் அங்கே எச்4895. அமெரிக்கர் எழுதியதைப் படிக்கும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

பெயரைக் கவனியுங்கள். 2206எச், 2207, 2208, 2209 எல்லாம் ஒரே குடும்பப் பெயர்தான். எரியும் வேகமோ வேறு வேறு. ஒரு எண்ணைத் தவறாகப் படித்தால் துப்பாக்கி வெடிக்கலாம். அதனால் என் மேசை மேல் ஒரே நேரத்தில் ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். வேலை முடிந்ததும் அளவியில் மிஞ்சியதை அந்த டப்பாவிலேயே கொட்டி மூடி அலமாரிக்குள் வைத்த பிறகுதான் எழுந்திருப்பேன். பெயரில்லாத டப்பாவில் மருந்து கிடைத்தால், எவ்வளவு நல்லதாகத் தெரிந்தாலும், அது தோட்டாவுக்குள் போகாது.

அட்டவணையில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். தொடக்க அளவில் ஆரம்பித்து, சிறு சிறு படியாக, படிக்கு நாலைந்து தோட்டா வீதம் செய்து சுடுதளத்தில் சுட்டுப் பாருங்கள். எந்த அளவில் குண்டுத் துளைகள் நெருங்கி ஒன்றாகக் கூடுகின்றனவோ அங்கே நின்றுவிடுங்கள். அது பெரும்பாலும் உச்சத்துக்கு முன்பே வந்துவிடும். தொடக்க அளவுக்கும் கீழே போவது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம்; அதுவும் ஆபத்தே. அட்டவணையில் உள்ள குண்டு வேறு, உங்கள் குண்டு வேறு என்றால், எடை ஒன்றாக இருந்தாலும், மறுபடி கீழிருந்தே தொடங்குங்கள்.

வேலை எப்படி நடக்கும்? ஒருமுறை காட்டுங்களேன்.

சரி, என்னோடு உட்காருங்கள். ஞாயிறு காலை, வானொலி அணைத்து, கைப்பேசி அடுத்த அறையில்.

சுட்ட கூடுகளைத் துடைத்துச் சுத்தமாக்கி, ஒவ்வொன்றாகச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிறேன். வாயோரம் மயிரிழை போல விரிசல் இருந்தால் தூக்கிப் போடு. அடியிலிருந்து ஒரு விரல் அகலம் மேலே, சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம் தெரிகிறதா? அங்கே பித்தளை மெலிகிறது, அடுத்த முறை சுடும்போது கூடு இரண்டாகப் பிரியலாம். நுனி வளைத்த மெல்லிய கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவினால், மெலிந்த இடத்தில் பள்ளம் கம்பியில் தட்டுப்படும். முதல் முறை அந்தத் தட்டலை விரல் உணர்ந்தபோது எனக்கு முதுகு சில்லிட்டது.

அடுத்து மசகு. விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துக் கூட்டின் உடலில் தடவ வேண்டும். குறைந்தால் கூடு டைக்குள் இறுகிக்கொள்ளும். என் முதல் வாரத்திலேயே அப்படி ஒன்று மாட்டி, அடிப்பக்கத்தில் துளை போட்டு இழுத்தெடுக்க ஒரு மாலைப் பொழுது போனது. மசகு கூடினால் கூட்டின் தோளில், அதாவது வாயை நோக்கிக் குறுகும் இடத்தில், குழி விழும். பிரஸ் கைப்பிடியை இறக்கியதும் பழைய பிரைமர் டப்பென்று கீழே விழும், கூடு பழைய அளவுக்குச் சுருங்கும்.

பிறகு நீளம். சுடச்சுடக் கூடு நீளும். .223-க்கு உச்சம் 44.70 மில்லிமீட்டர், தாண்டினால் 44.45-க்கு வெட்டுவோம். வாயை உள்ளும் புறமும் சீவி, மசகைத் துடைத்து, பிரைமர் குழியைச் சுரண்டி, புதுப் பிரைமரை வைக்கிறேன். விரலால் தடவினால் அது கூட்டின் அடிமட்டத்துக்குச் சற்றே உள்ளே இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் அந்தக் கூட்டை ஒதுக்கிவிடுவேன்.

இப்போது மருந்து. ஒவ்வொன்றையும் நிறுத்துப் போடுகிறேன். ஐம்பதும் நிரம்பிப் பலகையில் நின்றதும் சிறு டார்ச் எடுத்து மேலிருந்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்ப்பேன். எல்லாவற்றிலும் மருந்து ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். ஒன்று இருட்டாகத் தெரிந்தால் அதில் மருந்து இல்லை. ஒன்று மேலே ஏறித் தெரிந்தால் அதில் கூடுதல். இந்த ஒரு நிமிடத்தை நான் இதுவரை விட்டதில்லை. மருந்தே இல்லாத தோட்டாவில் பிரைமர் மட்டும் வெடித்துக் குண்டைக் குழலுக்குள் பாதியில் நிறுத்திவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகக் குண்டை வைத்து அழுத்தி, மொத்த நீளத்தை அளந்து, பெட்டியில் அடுக்கிச் சீட்டு ஒட்டுகிறேன்: தேதி, மருந்தின் பெயர், எடை, குண்டு, பிரைமர், இந்தக் கூடு எத்தனையாவது முறை. சீட்டில்லாத பெட்டியை நானே நம்ப மாட்டேன்.

அழுத்தம் கூடிவிட்டது என்று எப்படித் தெரியும்?

போல்ட் கைப்பிடி தூக்கக் கனமாகும். பிரைமர் தட்டையாக நசுங்கியிருக்கும். கூட்டின் அடியில் பளிச்சென்று தேய்ந்த தடம் விழும். பிரைமர் குழி தளர்ந்துபோகும். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்குச் சுடுவதை நிறுத்தி, மிச்சத்தைக் கழற்றுங்கள். எந்த அறிகுறியும் இல்லை என்பதால் பத்திரம் என்றும் ஆகிவிடாது. அட்டவணையின் உச்சமே எல்லை. கோடையில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். கார் முன்பலகையில் வெயிலில் கிடந்த தோட்டாவில் அழுத்தம் ஏறும், அதனால் நிழலில் வையுங்கள்.

வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். பரவாயில்லையா?

பூட்டு இருந்தால் பரவாயில்லை. அதோடு இன்னொன்றும் உண்டு, பலர் அதை நினைப்பதில்லை: ஈயம். சுட்ட பிரைமரின் கரியில் ஈயச் சேர்மம் இருக்கிறது. கூடுகளைச் சுத்தம் செய்யும் தூளில் அது சேரும். சமையலறை மேசையில் இந்த வேலை வேண்டாம். வேலை செய்யும்போது எதுவும் சாப்பிட வேண்டாம். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள். மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள். திறக்கும்போது மூக்கைச் சுடும் புளித்த வாடையோ செம்பழுப்புப் புகையோ வந்தால் அது கெட்டுவிட்டது.

யாரிடம் கற்றுக்கொள்வது?

1948-இல் தொடங்கிய ஆஸ்திரேலியத் துப்பாக்கி விளையாட்டாளர் சங்கத்துக்கு, எஸ்எஸ்ஏஏ என்பார்கள், நாடெங்கும் கிளைகளும் சுடுதளங்களும் உண்டு. சுடுதளத்தில் முதல் நாள் போய், பொறுமையாகச் சீட்டு எழுதி வைத்திருக்கும் வயதானவர் ஒருவரைத் தேடுங்கள். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு செம்மறிப் பண்ணைக்காரர். மூன்று ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிரஸ்ஸைத் தொடவே விடவில்லை. கூடுகளைப் பார்த்துப் பிரிக்கும் வேலை மட்டும் கொடுத்தார். நான் ஒதுக்காமல் விட்ட ஒரு விரிசல் கூட்டைப் பலகையிலிருந்து எடுத்து, ஒன்றும் சொல்லாமல் என் முன்னால் வைத்தார்.

நான் செய்த தோட்டாவை நண்பருக்குக் கொடுக்கலாமா?

கூடாது. உங்கள் துப்பாக்கிக்கு ஒத்த அளவு அவருடையதில் அதிகமாகிவிடலாம். விற்பதற்கு வேறு உரிமம் வேண்டும். மற்றவர் நிரப்பியதை நீங்களும் வாங்கிச் சுடாதீர்கள்.

எப்போது வயலுக்கு எடுத்துப்போகலாம்?

சுடுதளத்தில் 100 மீட்டரில் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்தளவுக்குள் விழ வேண்டும், அதுவும் இரண்டு வெவ்வேறு நாளில். பிறகு 200 மீட்டரில் குண்டு எவ்வளவு தாழ்கிறது என்று சுட்டுப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். போகும் முன், எடுத்துப்போகும் தோட்டா ஒவ்வொன்றும் மாகசினிலிருந்து சேம்பருக்குள் தடையில்லாமல் போய் வருகிறதா என்று பாதுகாப்பான இடத்தில், சுடுதளத்திலேயே, குழலை மண்மேட்டை நோக்கி வைத்துப் பாருங்கள்.

வயலில் விளக்கொளியில் இரண்டு கண்கள் மின்னும். ஆட்டுக்கும் நாய்க்கும்கூடக் கண் மின்னும். உடல் முழுதும் தெரிந்து, நரிதான் என்று உறுதியாகி, பின்னால் மண் இருப்பதைப் பார்த்த பிறகே விரல் விசைக்குப் போகட்டும். போன குளிர்காலத்தில் ஓர் இரவு, மேட்டின் உச்சியில் வானத்தை ஒட்டி ஒரு நரி நின்றது. அதற்குப் பின்னால் வெறும் இருட்டு. கால் மணி நேரம் காத்திருந்தேன், அது இறங்கவில்லை. போல்ட்டைத் திறந்து தோட்டாவை எடுத்துப் பெட்டியில் அதன் குழியிலேயே திரும்ப வைத்தேன்.